உவமை நடத்தப் போகும் தம்பிக்கு

தம்பி, இந்த நாட்டுக்கு வந்து சில மாதங்களே ஆன நிலையில் வார இறுதித் தமிழ் வகுப்பை ஏற்றுக்கொண்டிருக்கிறீர்கள். அதற்கே என் அன்பு. எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு உவமையும் உருவகமும் நடத்த வேண்டும், ‘கயல்விழி’ என்றதும் முழிக்கிறார்கள், வெளிநாட்டில் வளரும் குழந்தைகளுக்கு இதெல்லாம் எட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக எட்டும். பல வருடமாக என் சனிக்கிழமைகள் இந்த வயதுப் பிள்ளைகளோடுதான் போகின்றன.

அவர்கள் முழிப்பதற்குத் தமிழ் போதாததுதான் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். கயல் மீனையே பார்த்திராத பிள்ளையிடம் கண்ணுக்கு அதை உவமை சொன்னால், தெரிந்ததை விளக்கத் தெரியாததைக் கொண்டுவருகிறோம். உவமையின் வேலையே அங்கே கெட்டுப்போகிறது. ஆகவே முதல் சில வாரங்களுக்கு உவமானம், அதாவது ஒப்பிடக் கொண்டுவரும் பொருள், எல்லாம் பிள்ளைகள் தொட்டுப் பார்த்த பொருளாக இருக்கட்டும். பாடநூல் எடுத்துக்காட்டுகள் பிறகு வரலாம்.

உவம உருபு, அதாவது ஒப்புமையைக் காட்டும் சொல், அந்தப் பட்டியலோடு தொடங்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. போல, புரைய, ஒப்ப என்று நன்னூல் பன்னிரண்டு உருபுகளைப் பெயர் சொல்லித் தருகிறது. அதை மனப்பாடம் செய்த பிள்ளை ‘போல’ வந்த இடமெல்லாம் கோடு போடும். ‘மழை வரும் போல இருக்கிறது’ என்ற வாக்கியத்திலும் போடும். அங்கே ஒப்புமையே இல்லையே! உவமேயம் (ஒப்பிடப்படும் பொருள்), உவமானம் என்ற பெயர்களும் அன்றே வேண்டாம்.

அதற்குப் பதிலாக ஒரே ஒரு கேள்வியைப் பழக்குங்கள்: இரண்டும் எதில் ஒன்று? தொல்காப்பியம் உவமை பிறக்கும் இடங்களாக வினை, பயன், மெய், உரு என்று நான்கைச் சொல்கிறது. செயல், விளைவு, வடிவம், நிறம். பிள்ளைகளுக்கு இதை அப்படியே கடைசியிலிருந்து திருப்பி நடத்துங்கள். நிறமும் வடிவமும் கண்ணுக்குத் தெரிவதால் உடனே பிடித்துக்கொள்வார்கள். செயலும் பயனும் யோசித்தால்தான் பிடிபடும். டெட்ரி ஜென்ட்னர் என்ற உளவியல் ஆய்வாளர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில் இது அழகாக வருகிறது. மேகம் ஸ்பாஞ்ச் போன்றது என்றால் என்ன பொருள் என்று கேட்டபோது, சின்னக் குழந்தைகள் இரண்டும் உருண்டை, மெத்தென்று இருக்கும் என்ற வகையில் பதில் சொன்னார்கள். பெரியவர்கள் இரண்டும் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்து பிறகு விடும் என்றார்கள். முதல் பதில் தவறே இல்லை, வடிவத்தைப் பற்றியது. இரண்டாவது வினையைப் பற்றியது. உங்கள் வகுப்புப் பிள்ளைகள் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் வயதில் இருக்கிறார்கள். ஒரு ஸ்பாஞ்சை நனைத்துக் கையில் கொடுத்துப் பிழியச் சொல்லுங்கள், தாங்களே அந்தப் பக்கம் வந்துவிடுவார்கள்.

அப்புறம் மறுபக்கத்தையும் கேளுங்கள்: எதில் ஒன்று இல்லை? மேகத்தைக் கையில் பிடிக்க முடியாது என்று ஒரு பிள்ளை சொன்னால் பாராட்டுங்கள். உவமை எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்க்கும் பழக்கம் பின்னால் கவிதை படிக்கும்போது மிகவும் உதவும்.

சில பிள்ளைகள் இங்கே பள்ளியில் பேசும் மொழியில்தான் முதலில் யோசிப்பார்கள். தடுக்காதீர்கள், ஒப்புமை கிடைத்துவிட்டால் தமிழில் சொல்ல நீங்கள் கைகொடுக்கலாம். வீட்டுப்பாடமாக, தாத்தா பாட்டியோடு வீடியோவில் பேசும்போது ‘மாதிரி’ சேர்த்து அவர்கள் சொல்லும் வாக்கியங்களைக் குறித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். ‘ஆமை மாதிரி நடக்கிறாய்’, ‘குரங்கு மாதிரித் தாவாதே’ என்று ஒரு பக்கம் நிறைந்துவிடும். அதில் சிலது உவமையாக இருக்காது. அதைப் பிரித்தெடுப்பதே அடுத்த வகுப்பு.

உருவகத்துக்கு அவசரம் வேண்டாம். ‘அவள் மான் போல ஓடினாள்’ என்பது நிலைத்த பிறகு, ‘போல’வை எடுத்துவிட்டு ‘மைதானத்தில் அவள் ஒரு மான்’ என்று எழுதி, அவளுக்கு நாலு காலா என்று கேளுங்கள். சிரித்துக்கொண்டே வித்தியாசத்தைச் சொல்வார்கள். மனதின் குணத்தைச் சொல்லும் உருவகம்தான் கடினம். 1976-இல் வெளியான ஓர் ஆய்வில், சிறைக்காவலரைக் கடினமான பாறை என்று சொல்லும் வாக்கியத்துக்குப் பொருள் கேட்டார்கள். சிறிய பிள்ளைகளில் சிலர் மந்திரத்தால் அவர் பாறையாகிவிட்டார் என்றும், சிலர் அவர் உடம்பு கெட்டி என்றும் எடுத்துக்கொண்டார்கள். ‘கல்நெஞ்சு’ என்றதும் உங்கள் வகுப்பில் யாராவது நெஞ்சைத் தட்டிப் பார்த்தால் அது இயல்பு. மலர்முகம் (மலர் போன்ற முகம்) ‘போன்ற’ மறைந்து வரும் உவமைத்தொகை, முகமலர் (முகமாகிய மலர்) உருவகம் என்ற நுணுக்கத்தை இன்னும் பெரிய வகுப்புக்கு விட்டுவிடலாம்.

பாடநூலுக்குத் திரும்பும்போது 151-ஆம் குறளில் தொடங்குங்கள். தன்னைத் தோண்டுகிறவரையே தாங்கும் நிலம் போல, நம்மை இகழ்கிறவரைப் பொறுக்க வேண்டும் என்கிறது அது. எந்த நாட்டுப் பிள்ளைக்கும் மண் தோண்டிய அனுபவம் இருக்கும். பொருளை நீங்கள் முதலில் சொல்லிவிடாதீர்கள். நீ தோண்டும்போது எதன் மேல் நின்றாய் என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.