கணக்கை முடித்துவிட்டுத்தான் இயற்பியலா?

கேள்வி: பிளஸ் டூவில் வணிகவியல் பிரிவு எடுத்தவன் நான். வயது 34. லாரி செட்டில் கணக்கு எழுதுகிறேன். இயற்பியலை நானாகவே படிக்க ஆசை. புத்தகத்தைத் திறந்தால் வகையீடு, தொகையீடு என்று வந்து மிரட்டுகிறது. முதலில் கணிதம் முழுவதையும் முடித்துவிட வேண்டுமா?
– ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: வேண்டாம் தம்பி. முழுவதும் முடியட்டும் என்று காத்திருந்தால் இயற்பியல் பக்கம் வரவே மாட்டீர்கள். மேல்நிலைப் பள்ளியில் 31 வருஷம் இயற்பியல் எடுத்தவன் சொல்கிறேன். வகையீட்டு வாய்பாட்டைத் தலைகீழாக ஒப்பிக்கும் பிள்ளைகளே "இது எதுக்கு சார்?" என்று கேட்டிருக்கிறார்கள். தேவைப்பட்ட இடத்தில் கற்ற கணக்குதான் மனசில் ஒட்டும்.

இன்று ராத்திரியே ஒரு நோட்டும் பென்சிலும் எடுங்கள். மேலிருந்து விட்ட கல் எத்தனை மீட்டர் விழுந்தது என்பதற்கு, விநாடியை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை 4.9-ஆல் பெருக்க வேண்டும். காற்றின் தடையை இப்போதைக்கு விட்டுவிடுவோம். முதல் விநாடி முடிகிற அந்தக் கணத்தில் கல்லின் வேகம் என்ன? 1-லிருந்து 1.1 விநாடிக்குள் 1.029 மீட்டர் விழுகிறது, 0.1-ஆல் வகுத்தால் 10.29. இடைவெளியை 1.01 வரை சுருக்குங்கள், 9.849. இன்னும் சுருக்கி 1.001 என்றால் 9.8049. எண் 9.8-ஐ நெருங்கி வருவது தெரிகிறதா? உங்களை மிரட்டிய வகையீடு இதுதான். இதை வாசித்தால் போதாது, உங்கள் கையால் போட்டுப் பார்க்க வேண்டும்.

பத்தாம் வகுப்பு இயற்கணிதத்தில் சூத்திரத்தை இடம் மாற்றி எழுதுவதும் அடுக்குகளும் தடுமாறாமல் வரட்டும். முக்கோணவியலில் சைன், கொசைன் போதும். பிறகு பிளஸ் ஒன் இயற்பியலுக்கே போய்விடுங்கள். நம் பாடநூலின் இயக்கவியல் பாடத்திலேயே வெக்டரும் (அளவோடு திசையும் கொண்டது) நுண்கணிதமும் (வகையீடும் தொகையீடும்தான்) தொடங்கிவிடுகின்றன. தமிழிலேயே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

ஜார்ஜ் கிரீன் என்று ஒருவர், இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம்காரர். ரொட்டி சுடுபவரின் மகன். பள்ளிக்கூடம் போனது ஒரு வருஷத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அப்பாவின் காற்றாலையில் மாவு அரைத்துக்கொண்டே படித்தார். மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் கணிதத்தைப் பொருத்தி 1828-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கேம்பிரிட்ஜில் மாணவராகச் சேர்ந்தது அதற்கப்புறம், 40 வயதில். அவர் பெயரிலான தேற்றத்தை இன்றும் கல்லூரியில் நடத்துகிறார்கள். உங்களுக்கு 34தானே?

அடுத்த வாரத்துக்கு ஒரு வேலை. ஒரு மீட்டர் நூலில் நட்டு ஒன்றைக் கட்டி லேசாக ஆட்டிவிடுங்கள். 20 முறை போய்வர ஏறக்குறைய 40 விநாடி ஆகும். நூலைக் கால் மீட்டராகக் குறைத்தால் 20 விநாடி. நீளம் நாலில் ஒரு பங்கானபோது நேரம் ஏன் பாதியோடு நின்றது? யோசித்து எனக்கு எழுதுங்கள்.