ஒரே பைக், இரண்டு டைனோ, இரண்டு ஹெச்பி: எதை நம்புவது?

உங்கள் கேள்வி இதுதான்: கம்பெனி 43 பிஎஸ் என்கிறது, ஒரு டைனோவில் (பைக்கின் சக்தியை அளக்கும் எந்திரம்) 36 ஹெச்பி வந்தது, அடுத்த வாரம் வேறொரு டைனோவில் 38. இதில் யார் பொய் சொல்கிறார்கள்?

யாரும் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். அந்த 43-ஐ முதலில் முடித்துவிடலாம். 1 பிஎஸ் என்பது 735.5 வாட், 1 ஹெச்பி என்பது 745.7 வாட். அதனால் 43 பிஎஸ் என்பது 42.4 ஹெச்பிதான். அதுவும் கிராங்க்கில், அதாவது இஞ்சினின் சுழலும் தண்டிலேயே, எடுத்த அளவு. நீங்கள் அளந்தது பின் சக்கரத்தில். நடுவில் கியர்பாக்ஸ், செயின், டயர் என்று ஒவ்வொன்றும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். பொதுவாக 10 முதல் 15 சதவீதம் போகும். கணக்குப் போட்டால் 36-லிருந்து 38 வரை வருகிறது. உங்கள் இஞ்சின் நலமாக இருக்கிறது. (இதையே தலைகீழாகப் போட்டு, சக்கர ஹெச்பியை 0.85-ஆல் வகுத்து ‘என் பைக் கிராங்க்கில் இவ்வளவு’ என்று சொல்லிக்கொள்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள். அந்த இழப்பு எல்லா பைக்கிலும் ஒரே சதவீதம் கிடையாது.)

சரி, 36-க்கும் 38-க்கும் நடுவில் இருக்கும் அந்த 2 எங்கே போனது?

நானும் இதில் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். சைலன்சர் மாற்றுவதற்கு முன் டைனோவில் ஒரு ரன், மாற்றிய பின் ஒரு ரன். முன்பு 24.6, பின்பு 25.8. 1.2 ஹெச்பி கூடிவிட்டது என்று ஒரு மாதம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகு ஒருநாள் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் மூலையில் இருந்த பொடி எழுத்து கண்ணில் பட்டது. ஒன்றில் ‘எஸ்ஏஇ’, மற்றதில் ‘எஸ்டிடி’. இரண்டும் வானிலைத் திருத்தங்கள். காற்று சூடாகவோ ஈரமாகவோ இருந்தால் இஞ்சினுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறையும். அதை ஈடுகட்ட, ‘வானிலை இப்படி இருந்திருந்தால் இவ்வளவு வந்திருக்கும்’ என்று மென்பொருள் கணக்குப் போட்டுச் சொல்கிறது. எஸ்ஏஇ முறை எடுத்துக்கொள்வது 25 டிகிரி, 990 மில்லிபார் உலர்ந்த காற்று. எஸ்டிடி எடுத்துக்கொள்வது ஏறக்குறைய 15.6 டிகிரி, 1013 மில்லிபார். குளிர்ந்த, அடர்ந்த காற்று, அதனால் எண்ணும் பெரிதாகத் தெரியும். வித்தியாசம் சுமார் 4 சதவீதம். 24.6-ஐ 1.04-ஆல் பெருக்கிப் பாருங்கள், 25.6 வரும். நான் காசு கொடுத்து வாங்கிய சைலன்சரின் பங்கு மிஞ்சிப்போனால் 0.2. அது ஒரு ரன்னுக்கும் அடுத்த ரன்னுக்கும் சும்மாவே வரும் வித்தியாசம். சத்தம் மட்டும் நன்றாக இருந்தது.

திருத்தம் சின்ன விஷயம் இல்லை. கடல் மட்டத்தில், 35 டிகிரி வெயிலில், ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் எஸ்ஏஇ முறையே நான்கு சதவீதம் போல ஏற்றிக் கொடுக்கும். அந்த வெப்பநிலையை அளக்கும் சென்சார் தெரியாத்தனமாக ரேடியேட்டர் பக்கத்தில் தொங்கினால், காற்று உண்மையில் இருப்பதைவிடச் சூடு என்று மென்பொருள் நம்பிவிடும். உடனே இல்லாத குதிரைகளைத் தாளில் சேர்க்கும்.

அப்புறம் டைனோ வகை. இனர்ஷியா டைனோவில் கனமான ஒரு டிரம் இருக்கும். உங்கள் சக்கரம் அதை எவ்வளவு வேகமாகச் சுழற்றி ஏற்றுகிறது என்பதை வைத்து ஹெச்பியைக் கணக்கிடுவார்கள். அதாவது, நேராக அளப்பது டிரம்மின் வேகத்தை. டிரம் வேகமெடுக்கும்போது உங்கள் கிராங்க்கும் சக்கரமும் சேர்ந்துதான் வேகமெடுக்கின்றன. அதற்குச் செலவான சக்தி டிரம்முக்கு வந்து சேர்வதில்லை. அதனால்தான் இஞ்சினைத் தொடாமல் பின் சக்கரத்தை மட்டும் எடை குறைவானதாக மாற்றினாலும் இந்த டைனோவில் ஹெச்பி கூடியதாகத் தெரியும். கீழ் கியரில் ஓட்டினால் இஞ்சின் சட்டென்று ஏறும், இழப்பும் கூடும், எண் இறங்கும். இன்னொரு வகையில் டிரம்முக்கு மின்காந்த பிரேக் போட்டு, அது தாங்கும் விசையை லோட் செல் என்ற விசை சென்சார் அளக்கும். ஒரே பைக் இரண்டிலும் ஒரே எண்ணைக் கொடுக்க வேண்டும் என்று கட்டாயமே இல்லை.

பைக்கை டிரம் மேல் கட்டும் ஸ்ட்ராப்பை இன்னும் இரண்டு பல் இறுக்கினால் போதும், டயர் நசுங்கி சூடாகும். ரன் முடிந்ததும் டயரைத் தொட்டுப் பாருங்கள், அந்தச் சூடு முழுக்க உங்கள் ஹெச்பிதான். ஸ்ட்ராப் தளர்வாக இருந்தால் டயர் வழுக்கும், அது வேறு தொல்லை. டயரில் காற்று குறைவாக இருந்தாலும் நசுங்கத்தான் செய்யும்.

ஆயில் சூடாகாத முதல் ரன் குறைவாக வரும். மூன்று நான்கு ரன் தொடர்ந்து போட்டால் இஞ்சின் கொதித்து, இசியு (இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) இக்னிஷனைப் பின்னுக்கு இழுத்து, அதாவது ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தி, மறுபடி குறையும். ரோட்டில் முகத்தில் அறையும் காற்றுக்கு அறையில் வைத்த ஃபேன் ஈடாகாது. முன் சக்கரம் நின்றுகொண்டு பின் சக்கரம் மட்டும் சுற்றினால், டிராக்‌ஷன் கண்ட்ரோல் ‘வழுக்குகிறது’ என்று நினைத்துச் சக்தியை வெட்டிவிடும். அதை ஆஃப் செய்தார்களா என்று நான் எப்போதும் கேட்டுவிடுவேன்.

ஒரு மாற்றம் பலன் தந்ததா என்று தெரிய வேண்டும் என்றால் அதே டைனோ, அதே நாள், அதே கியர். முதலில் பழைய பாகத்தோடு மூன்று ரன், பிறகு புதியது போட்டு மூன்று, முடிந்தால் மறுபடி பழையதை மாட்டி ஒன்று. இந்தக் கடைசி ரன்னுக்கு யாருக்கும் பொறுமை இருக்காது. ஆனால் முதல் எண் திரும்பி வந்தால்தான் நடுவில் வந்ததை நான் நம்புவேன். உச்சத்தில் நிற்கும் ஒற்றை எண்ணை விட்டுவிட்டு, நீங்கள் தினமும் ஓட்டும் 4,000 முதல் 7,000 ஆர்பிஎம் வரை கோடு எங்கே மேலே போயிருக்கிறது, எங்கே இறங்கியிருக்கிறது என்று பாருங்கள்.

உங்கள் விஷயத்தில், இரண்டு தாள்களின் மூலையையும் முதலில் பாருங்கள். 36 எஸ்ஏஇ-யாகவும் 38 எஸ்டிடி-யாகவும் இருந்தால், 36-ஐ 1.04-ஆல் பெருக்கி 37.4, வித்தியாசத்தில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்தது. இரண்டிலும் எஸ்ஏஇ என்றே இருந்தால், எந்த கியரில் ஓட்டினார்கள், டயரில் எவ்வளவு காற்று இருந்தது என்று இரண்டு இடத்திலும் கேளுங்கள்.