தோட்டப்புறத்தில் இருந்துகொண்டே கிரியேட்டிவ் கோடிங் கற்றுக்கொள்ள முடியுமா?

எஸ்பிஎம் (மலேசியாவில் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் தேர்வு) முடித்துவிட்டேன், கணக்கு சுமார், ஒலிக்கும் அசைவுக்கும் ஏற்ப மாறும் திரைப் படைப்புகளை நிரல் எழுதிச் செய்ய (அதுதான் கிரியேட்டிவ் கோடிங்) ஆசை, ஊரில் வகுப்பு எதுவும் இல்லை, கோலாலம்பூர் போனால்தான் நடக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இங்கேயே முடியும். நான் பேராக்கில் உள்ள சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டுதான் கற்றேன், இன்னமும் இங்கேதான் இருக்கிறேன். "நர்சிங் படி, இல்லாவிட்டால் பேக்டரிக்குப் போ, இது என்ன பொம்மை வேலை" என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

பி5.ஜேஎஸ்ஸில் ஆரம்பியுங்கள், ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் நிரல் எழுதித் திரையில் படம் வரைய உதவும் கருவி அது. பிரவுசரிலேயே ஓடும், இலவசம், எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். 2001-இல் எம்ஐடி மீடியா லேபில் கேசி ரீஸும் பென் ஃப்ரையும் தொடங்கிய புரோசஸிங்தான் இதற்குத் தாய். ஓவியம், வடிவமைப்பு பக்கமிருந்து வருகிறவர்கள் நிரல் எழுத வேண்டும் என்பதற்காகவே உருவான கருவி அது. அதன் வழியில் 2013-இல் லாரன் மெக்கார்த்தி தொடங்கியதுதான் பி5. ஆகவே கணினி படித்தவர்களுக்கு மட்டும்தான் இது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டேனியல் ஷிஃப்மன் யூடியூபில் நடத்தும் 'கோடிங் டிரெயின்' வீடியோக்களைப் பாருங்கள், ஆங்கிலம் தடுமாறினாலும் அவர் கை எழுதுவதைப் பார்த்தே புரியும்.

கணக்கைப் பற்றிப் பயம் வேண்டாம். திரையில் ஒரு புள்ளியின் இடம், ஓர் எண் வரிசையை இன்னொரு வரிசைக்கு மாற்றும் 'மேப்', ஆடி அசைய 'சைன்', இவ்வளவு இருந்தால் வெகுதூரம் போகலாம். ஒய் அச்சு மட்டும் பள்ளியில் படித்ததற்குத் தலைகீழ், கீழே போகப் போக எண் கூடும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். என் தம்பி ஓர் உருமி மேளக் குழுவில் வாசிக்கிறான். பொங்கல் விழாவில் அவர்கள் வாசிக்கும்போது பின்னால் திரையில் அந்த ஒலிக்கே படம் அசைய வேண்டும் என்று எனக்கு ஆசை. மைக்கை இணைத்து 'கெட்லெவல்' என்று கேட்டால் 0-க்கும் 1-க்கும் இடையில் ஓர் எண் வரும். அதை வட்டத்தின் அளவுக்குக் கொடுத்தால் சத்தம் கூடக் கூட வட்டம் பெரிதாகும். பெரும்பாலான வீடியோக்கள் இதோடு நிறுத்திவிடும். தம்பி உருமியைக் கொண்டுவந்து, வளைந்த குச்சியால் ஒரு முகத்தைத் தேய்த்தான், அப்புறம் மறுமுகத்தில் அடித்தான். இரண்டுக்கும் திரையில் வட்டம் ஒரே மாதிரி வீங்கியது. "உறுமறதும் அடிக்கிறதும் ஒன்னாக்கா?" என்று கேட்டான்.

அந்தக் கேள்விதான் எனக்கு எஃப்எஃப்டியைக் கற்றுக்கொடுத்தது. மொத்தச் சத்தத்தையும் தாழ்ந்த அதிர்வெண்ணிலிருந்து உயர்ந்தது வரை பட்டை பட்டையாகப் பிரித்துக் காட்டும் கணக்கு அது. பி5-இல் 'கெட்எனர்ஜி' என்று கேட்டால் 20 முதல் 140 ஹெர்ட்ஸ் வரை 'பேஸ்', 140 முதல் 400 வரை 'லோமிட்', மேலே 5200 முதல் 14000 வரை 'ட்ரெபிள்' என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண் தரும். (நான் சொல்வதெல்லாம் பி5-இன் 1-ஆம் பதிப்பு வரிசைக்கு.) தேய்க்கும் உறுமல் கீழ்ப் பட்டைகளில் தங்கியது, குச்சி அடி மேல் பட்டைகள் வரை தெறித்தது. உறுமலுக்கு அலை, அடிக்கு வெள்ளைக் கோடு என்று பிரித்தேன்.

அடுத்து குழுவிலுள்ள பையன்கள் வந்து பார்த்தார்கள். பார்த்ததுமே, "படம் பின்னாடி வருது" என்றார்கள். உண்மைதான். எஃப்எஃப்டியில் 'ஸ்மூதிங்' என்று ஒன்று உண்டு, சொல்லாவிட்டால் 0.8-இல் இருக்கும். முந்தைய அளவை அது பெருமளவு பிடித்து வைத்துக்கொள்வதால் அடியின் கூர்மை மழுங்கிவிடும். அதைக் குறைத்தால் அடி சரியாக விழும், ஆனால் உறுமல் அலை நடுங்க ஆரம்பிக்கும். கடைசியில் ஒரே மைக்குக்கு இரண்டு எஃப்எஃப்டி வைத்தேன், அடிக்கு ஸ்மூதிங் குறைவாக, உறுமலுக்கு அதிகமாக. அன்றைக்குத்தான் பையன்கள் எதுவும் சொல்லாமல் வாசித்துக்கொண்டே இருந்தார்கள்.

அவர்களில் ஒருவருக்கும் நிரல் தெரியாது. ஆனால் கண் இமைக்கும் நேரத் தாமதம்கூட அவர்கள் காதுக்குத் தப்பாது. நீங்களும் அப்படி, பிழை வந்தால் உங்களுக்கோ பக்கத்தில் இருப்பவர்களுக்கோ உடனே தெரிந்துவிடுகிற ஒன்றை எடுத்துச் செய்யுங்கள். யாரோ செய்த பூவையும் நட்சத்திரத்தையும் பார்த்து எழுதினால் சரியா தவறா என்று சொல்ல உங்கள் ஊரில் ஆள் இருக்காது.

மண்டபத்தில் செய்வதானால் இரண்டு விஷயம். மைக்கை மேளத்துக்கு ஒட்டி வையுங்கள், தூரத்தில் வைத்தால் ஸ்பீக்கர் எதிரொலிதான் உள்ளே போகும். அப்புறம், யாராவது ஒருமுறை கிளிக் செய்யும்வரை பிரவுசர் ஒலிப் பகுதியை ஓடவிடாது. அதற்கென்று ஒரு தொடக்கத் திரை வைத்துவிடுங்கள்.

பட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அப்படிப் புரிந்துகொண்டு யாரும் சண்டைக்கு வர வேண்டாம். சைபர்ஜெயாவில் எம்எம்யூ (மல்டிமீடியா பல்கலைக்கழகம்) மாதிரி இடங்களில் படிக்க வாய்ப்பும் வசதியும் இருந்தால் கட்டாயம் போங்கள். மேடைக் காட்சிகள் செய்யும் மென்பொருளான டச்டிசைனர்தான் மேடைக்கு ஏற்றது என்பவர்களுக்கும், ஆமாம், பெரிய மேடைக்கு அது நல்ல கருவிதான். ஆனால் அதற்கு நல்ல கிராபிக்ஸ் கார்டு வேண்டும், கேட்டவரிடம் அது இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. உருமி என்றாலே குண்டர் கும்பல் என்று எழுத வருகிறவர்கள் முதலில் அந்தப் பையன்களை ஒருநாள் வந்து பார்க்கட்டும். பகலெல்லாம் வேலை செய்துவிட்டு வந்து இரவில் பயிற்சி எடுக்கிற பிள்ளைகள் அவர்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதே விழாவுக்கு ஒரு கடையில் பேனர் அடித்தார்கள். 'பொங்கல்' என்ற சொல்லில் பகரத்தின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளிகளால் ஆன வட்டம். எங்கள் சொந்த விழாவில், எங்கள் சொந்த எழுத்து. சுட்டிக்காட்டியபோது "யார் பாக்கப் போறா" என்றார்கள். நான் பார்க்கிறேன். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். கணினிக்குப் 'பொங்கல்' என்பது நான்கு எழுத்து இல்லை, ப, ொ, ங, புள்ளி, க, ல, புள்ளி என்று ஏழு குறி. சேர்த்துக் காட்டத் தெரியாத மென்பொருளில் போட்டால் இப்படித்தான் சிதறும். நீங்களும் திரையில் தமிழை எழுத்து எழுத்தாக விழவைக்கப் போனால் இதில் மாட்டுவீர்கள். ஜாவாஸ்கிரிப்டில் 'இன்டல் செக்மென்டர்' என்று ஒரு வசதி இருக்கிறது, அதைக் கொண்டு வெட்டினால் பொ, ங், க, ல் என்று ஒழுங்காக வரும்.

மடிக்கணினி இல்லையென்றால் காத்திருக்க வேண்டாம். பி5 எடிட்டர் கைப்பேசி பிரவுசரிலும் திறக்கும். தட்டச்சு செய்யச் சிரமமாக இருக்கும், ஆனால் மைக், கேமரா, தொடுதிரை மூன்றும் அதிலேயே இருக்கின்றன. முதலில் ஒரு வட்டம் வரைந்து, மைக் அளவைப் படித்துப் பாருங்கள். எங்கேயாவது மாட்டிக்கொண்டால் நிரலையும் வந்த பிழைச் செய்தியையும் கீழே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.