அபார்ட்மெண்டில் நேரம் வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள், எதிர்த்துக் கேட்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம். ஆனால் கட்டுப்பாடே கூடாது என்று ஆரம்பிக்காதீர்கள், எடுபடாது. எந்த வீட்டில் எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்று அளக்காமல் எல்லார் குழாயையும் ஒரே மாதிரி ஏன் அடைக்கிறீர்கள் என்று கேளுங்கள். நீங்களும் வாடகைக்கு இருப்பவர் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

2024 கோடையில் நாங்கள் பெங்களூரு ஒயிட்ஃபீல்டு பக்கம் இருந்தோம். முந்தைய ஆண்டு மழை பொய்த்து, நகரத்தின் அரசு போர்வெல்களில் பாதி அளவுக்கு வற்றிவிட்டதாகத் துணை முதல்வர் சிவகுமாரே சொன்ன நேரம் அது. எங்கள் கட்டடத்துக்குக் குடிநீர் வாரியத்தின் காவிரித் தண்ணீர் இணைப்பு கிடையாது, போர்வெல் காய்ந்ததும் முழுக்க டேங்கர்தான். அசோசியேஷனில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 என்று வால்வைத் திறந்தார்கள். என் மனைவி நர்ஸ். நைட் டூட்டி முடிந்து வீடு வந்து சேர ஒன்பதரை ஆகிவிடும். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவள் குளிக்காமல் கைக்குழந்தையைத் தூக்க முடியுமா? ஒரு மணி நேரம் தள்ளி மூடுங்கள் என்றால், பக்கெட்டில் பிடித்து வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். சரி, பிடித்து வைத்தோம். அதே நேரத்தில் கீழே பார்க்கிங்கில் பொதுக் குழாயில் ஓஸ் மாட்டிக் கார் கழுவிக்கொண்டிருந்தார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. குடிநீரில் கார் கழுவினால், செடிக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் மார்ச்சிலேயே அறிவித்திருந்தது. கேட்டதற்கு, "இது காவிரித் தண்ணீர் இல்லை, காசு கொடுத்து வாங்குகிற டேங்கர் தண்ணீர்" என்று பதில் வந்தது.

யார் காசு? டேங்கர் செலவைச் சதுர அடிக் கணக்கில் பிரித்து மெயிண்டனன்ஸில் சேர்த்தார்கள். நாங்கள் பாத்திரம் கழுவிய தண்ணீரைக்கூட வீணாக்காமல் எடுத்து வைத்தோம், எங்களுக்கும் அதே தொகை, ஷவரை மூடாதவருக்கும் அதே தொகை. 5 கிலோமீட்டருக்குள் 12,000 லிட்டர் லோடு 1,000 ரூபாய், வரி தனி என்று அரசு விலை வைத்திருந்தும் எங்களுக்கு அந்த விலைக்கு ஒரு லோடும் வரவில்லை.

வீட்டுக்கு வீடு மீட்டர் போடுங்கள் என்றேன். சமையலறைக்கு ஒரு குழாய், ஒவ்வொரு பாத்ரூமுக்கும் ஒரு குழாய் எனத் தனித்தனியாக மொட்டை மாடியிலிருந்து இறங்குவதால் ஒரு வீட்டுக்கே மூன்று நான்கு மீட்டர் வேண்டும், செலவு அதிகம் என்றார்கள். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் மாதாமாதம் டேங்கருக்குக் கொட்டியதோடு ஒப்பிட்டாவது பார்த்திருக்கலாமே? அதைக்கூடச் செய்யவில்லை.

"கிராமத்தில் குடத்தோடு நடக்கிறார்கள், உனக்கென்ன" என்று கமெண்டில் எழுத வருகிறவர்களுக்கு: என் அம்மாவும் அப்படி நடந்தவர்தான். அங்கே ஒரு வீட்டுக்கு இத்தனை குடம் என்று முறை இருந்தது, பணக்காரர் வீட்டுக்கும் அதே முறைதான்.

மீட்டர் விஷயத்தைப் பொதுக்குழுவில் பேச எனக்கு அனுமதியே இல்லை, உரிமையாளர் மட்டும்தான் பேசலாமாம். மெயிண்டனன்ஸ் கட்டுவது நான். வீட்டுக்காரர்கள் பத்து மாத அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, காலி செய்யும்போது பெயிண்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடிக்கிறார்கள், புதிதாக வருகிறவரிடமும் சுவரைக் காட்டிப் பிடிப்பார்கள். இந்த ஊரில் இதை யாரும் கேட்பதே இல்லை. எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு கீறல்கூட இல்லை, புகைப்படம் எடுத்து வைத்திருந்தும் பிடித்தார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். டேங்கர் லோடு ரசீதுகளை வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஆளுக்கு 135 லிட்டர் என்பது அரசின் கணக்கு. வரும் தண்ணீரை ஆள் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தாலே எங்கே போகிறது என்று பாதி தெரிந்துவிடும். ஷிப்ட் வேலைக்காரர்கள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று பட்டியல் எடுத்து, எல்லாருமாகக் கையெழுத்துப் போட்டு நேரத்தை மாற்றக் கேளுங்கள். நான் தனியாகக் கேட்டேன், நடக்கவில்லை.