விடைக்கோழியைப் பழைய கூட்டத்தோடு சேர்ப்பது எப்படி? வாசகர் கேள்வி – பதில்

எங்கள் வீட்டில் இரண்டு வயதுப் பெட்டைகள் நான்கும் ஒரு சேவலும் இருக்கின்றன. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் இரண்டரை மாத விடைக்கோழி (இன்னும் முட்டையிடாத இளங்கோழி) ஐந்து வாங்கிவந்து, இருட்டியதும் கூட்டுக்குள் விட்டோம். ராத்திரி சத்தமே இல்லை. விடிந்து பார்த்தால் இரண்டுக்குக் கொண்டையில் ரத்தம். ஒன்று மூலையில் தலையைச் செருகிக்கொண்டு நிற்கிறது. எங்கே தவறினோம்?
– வாசகி, மடிப்பாக்கம்

முதலில் ஐந்தையும் இப்போதே தனியாகப் பிரியுங்கள். காயத்தை உப்பு கரைத்த வெதுவெதுப்பான நீரில் துடைத்து, ஜென்ஷன் வயலெட் என்கிற ஊதா மருந்தைத் தடவுங்கள். அது புண்ணை ஆற்றுவதோடு ரத்தச் சிவப்பையும் மறைக்கும். சிவப்பைக் கண்டால் கோழி கொத்தாமல் விடாது, உடன் வந்த குஞ்சுகளே கொத்தும்.

ராத்திரி விட்டால் பழைய கோழிக்குத் தெரியாது என்று பலரும் சொல்வார்கள். பாதிதான் உண்மை. கோழிக்கு இருட்டில் கண் தெரியாது, அதனால் ராத்திரி அமைதி. விடிகாலையில் வெளிச்சம் வரும்போது கூட்டின் கதவு பூட்டியிருக்கும், ஆட்களும் எழுந்திருக்க மாட்டார்கள். குஞ்சுகளுக்கு ஓட வழியே இல்லை. உங்கள் கூட்டில் நடந்தது அதுதான்.

அதைவிடப் பெரிய தவறு, சந்தையிலிருந்து வந்ததை அன்றைக்கே சேர்த்தது. எந்தச் சந்தையானாலும் பத்து இடத்துக் கோழிகள் ஒரே கூடையில் மூச்சுவிட்டுக்கொண்டு இருக்கும். வெள்ளைக்கழிச்சல் என்கிற ராணிக்கெட் நோய், கிருமி நுழைந்து பெரும்பாலும் ஐந்தாறு நாளில் தெரியும், சிலவற்றில் இரண்டு வாரம்கூட ஆகும். சளி நோயிலிருந்து தேறிய கோழி பார்க்கத் தெளிவாக இருந்தாலும் கிருமியைச் சுமந்துகொண்டே திரியும். அதனால் 30 நாள் ஒதுக்கி வைப்பது கட்டாயம். வீட்டின் மறுபக்கத்தில் வையுங்கள்; தனித் தட்டு, தனிச் செருப்பு. தினமும் பழைய கோழிகளுக்குத் தீனி போட்டு முடித்த பிறகே புதியவற்றிடம் போக வேண்டும், திரும்பி வரும்போது கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். எச்சம் பச்சையாகவோ வெள்ளையாகத் தண்ணீர் போலவோ போகிறதா, கண்ணோரம் நுரை கட்டுகிறதா, தும்மல் உண்டா என்று பாருங்கள். ஆசனவாயைச் சுற்றி இறகின் அடியைப் பிரித்துப் பாருங்கள். மணல் ஒட்டியது போல வெள்ளைக் கொத்து இருந்தால் அது பேன் முட்டை. உங்கள் விஷயத்தில் ஒரு ராத்திரி ஒன்றாக இருந்துவிட்டதால், பழைய ஐந்தையும் இதே போலக் கவனிக்க வேண்டும்.

தடுப்பூசியை இந்த 30 நாளுக்குள் முடித்துவிடுங்கள். ராணிக்கெட்டுக்கு எட்டு வாரத்துக்கு மேல் ஆர்2பி ஊசி போடுவார்கள். குஞ்சாக இருந்தபோது அதே நோய்க்கான லசோட்டா சொட்டு மருந்து விட்டார்களா என்று தெரியாவிட்டால், அதை மருத்துவரிடம் சொல்ல மறக்காதீர்கள். லசோட்டா பார்க்காத குஞ்சுக்கு நேரடியாக ஆர்2பி போட்டால் அந்த ஊசியே படுக்க வைத்துவிடலாம். அரசு கால்நடை மருந்தகத்திலோ வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ கேட்கலாம்.

ஒதுக்கல் முடிந்த பிறகு இரண்டு வாரம் வலைக்கு இந்தப்புறம் இவை, அந்தப்புறம் அவை. அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பிவலை) வாங்குங்கள். அறுகோணக் கோழிவலையில் குஞ்சு தலையை விட்டு மாட்டிக்கொள்ளும், பெருச்சாளி அதைக் கடித்தே ஓட்டை போடும். தீனித்தட்டை வலையின் இரு பக்கமும் ஒட்டி வையுங்கள். முதல் இரண்டு நாள் பழைய பெட்டைகள் கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு வலையைக் கொத்தும். ஒரு வாரத்தில் எதிரெதிரே நின்று தின்னும், கண்டுகொள்ளாது. அப்படித் தின்னாதவரை கதவைத் திறக்க வேண்டாம்.

கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்கிற வரிசை உண்டு. நார்வேயைச் சேர்ந்த விலங்கியலாளர் ஷெல்டரப்-எப் 1921-இல் எழுதிவைத்தது இது. புதிதாக ஒரு தலை வந்தால் வரிசை முழுக்கக் கலையும். அதனால் கொத்தே இல்லாமல் சேர்க்க முடியாது. ஓட இடமும், தின்ன வேறு தட்டும் இருந்தால் ஒரு கொத்தோடு போய்விடும்.

கலக்கும் நாளில் மாலை நாலரைக்குப் பழையவற்றை வெளியே விட்டு, ஐந்து நிமிடம் கழித்து ஐந்து விடைகளையும் ஒன்றாகவே விடுங்கள். ஒற்றையாக விட்டால் எல்லா அடியும் அந்த ஒன்றின் மேல் விழும். கம்புத் தானியத்தைக் குவிக்காமல் பரவலாக இறையுங்கள். முருங்கைக்கீரைக் கட்டு இரண்டைத் தலையுயரத்தில் தொங்கவிடுங்கள். தீனித்தட்டு மூன்று, தண்ணீர் இரண்டு, ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாத தூரத்தில் வையுங்கள். சுவரில் ஒரு பலகையைச் சாய்த்துவைத்து இரண்டு முனையும் திறந்திருக்கும்படி செய்யுங்கள். ஒரு வழி மட்டும் இருந்தால் அதுவே பொறியாகிவிடும். ஒன்றரை மணி நேரத்தில் இருட்டிவிடும், அன்றைய சண்டை முடிந்தது. மறுநாள் விடியும் முன்பே கூட்டுக்கதவு திறந்திருக்க வேண்டும். முதல் வாரம் முழுக்க இதில் சோம்பல் கூடாது.

பத்துக் கோழிக்குக் கூட்டில் குறைந்தது 40 சதுர அடி வேண்டும். உட்காரும் கழி தலைக்கு 10 அங்குலம், அதாவது மொத்தம் எட்டு அடி நாலு அங்குலம். இவ்வளவு இல்லாவிட்டால் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

இந்தச் சமயத்தில் குஞ்சு சாவது பெரும்பாலும் கொத்தால் அல்ல. தட்டருகே போகும்போதெல்லாம் விரட்டப்பட்டு, தின்னாமல், தண்ணீரும் குடிக்காமல் மெலிந்துதான் சாகும். தினமும் அடையும் நேரத்தில் ஒவ்வொன்றையும் தூக்கி, கழுத்துக்குக் கீழே நெஞ்சின் வலப்பக்கம் இரைப்பையை விரலால் தொட்டுப் பாருங்கள். எலுமிச்சை அளவுக்கு உருண்டு, உள்ளே தானியம் நறநறவென்று படவேண்டும். தோல் மட்டும் தொளதொளவென்று கையில் வந்தால் அன்றைக்கு அது பட்டினி. உடனே தனியே வைத்துத் தீனியும் தண்ணீரும் கொடுங்கள்.

பழைய கோழிகள் முட்டைத் தீவனம் தின்கின்றன. விடைகளும் அதையே தின்றால் பரவாயில்லையா?
– வாசகர், அம்பத்தூர்

பரவாயில்லை என்று விடக் கூடாது. முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து 3.5 முதல் 4 சதவீதம் இருக்கும். வளரும் கோழிக்கு ஏறக்குறைய 1 சதவீதம் போதும். மிச்சத்தை வெளியேற்றிச் சிறுநீரகம் கெடும். அறுத்துப் பார்த்தால் ஈரலின் மேல் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாகப் படிந்திருக்கும். தட்டைப் பிரித்துவைத்தாலும் யார் எதைத் தின்பார்கள் என்று காவல் காக்க முடியாது. எல்லாவற்றுக்கும் வளர்கோழித் தீவனமே போட்டு, உடைத்த கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். முட்டையிடும் பெட்டை தனக்கு வேண்டியதைத் தானே பொறுக்கிக்கொள்ளும். விடைகள் முதல் முட்டை போட்டபின் பழைய தீவனத்துக்கு மாறலாம்.

மொட்டைமாடியில் 60 சதுர அடிதான் இடம். இரண்டு கூடு வைக்க வழியில்லை.
– வாசகி, பெரம்பூர்

ஒதுக்கி வைக்கும் 30 நாளுக்கு மட்டும் வேறு இடம் வேண்டும். படிக்கட்டடியோ பின்வாசலோ போதும். அதன்பின் இருக்கும் கூட்டையே வெல்டு மெஷ்ஷால் குறுக்கே தடுத்து, மூன்றில் ஒரு பங்கைக் குஞ்சுகளுக்குக் கொடுங்கள். இரண்டு வாரம் கழித்து அந்தத் தடுப்பின் அடியில் 4 அங்குல அகலம், 6 அங்குல உயரத்தில் ஒரு வாசல் வெட்டுங்கள். குஞ்சு நுழையும், பெரிய பெட்டை நுழையாது. குஞ்சுகளின் தீனியும் தண்ணீரும் உள்ளேயே இருக்கட்டும். அடிபட்டால் ஓடிவந்து ஒளிய அவற்றுக்கென்று ஒரு வீடு இருக்கும். இரண்டு மாதம் தாண்டாத குஞ்சுக்குத்தான் இது பலிக்கும். வெட்டிய கம்பி முனைகளை மடித்துவிடுங்கள், முதுகைக் கிழிக்கும்.

வாங்கிய குஞ்சுகளை அடைகோழியிடம் விட்டால் ஏற்றுக்கொள்ளுமா?
– வாசகர், திருவொற்றியூர்

ஏற்றுக்கொள்ளும், நாள் சரியாக இருந்தால். சிறுவிடை என்கிற நாட்டுக்கோழி வகைப் பெட்டை இதில் மிகக் கெட்டி. அது முட்டையின் மேல் ஏறக்குறைய மூன்று வாரம் உட்கார்ந்திருக்க வேண்டும். குஞ்சு ஒன்று முதல் மூன்று நாள் வயதுக்குள் இருக்க வேண்டும். இருட்டியபின் விளக்குப் போடாமல், ஒவ்வொரு முட்டையாக எடுத்துவிட்டு அந்த இடத்தில் குஞ்சை இறக்கையடியில் நகர்த்துங்கள். காலையில் கொக்கரித்து அழைத்துத் தீனி காட்டினால் சரியாகிவிட்டது. கொத்தினால் உடனே எடுத்துவிட வேண்டும். மறுபடி முயல வேண்டாம். ஐந்து நாள் கடந்த குஞ்சு பெரும்பாலும் தாய் பின்னால் போகாது. முதல் பத்து நாள் பஞ்சாரத்துக்குள் மூடிவையுங்கள்; காக்கையும் பூனையும் கீரியும் காத்திருக்கும். அதன்பின் கூட்டத்தில் சேர்க்கும் வேலையைத் தாயே பார்த்துக்கொள்ளும், எந்தப் பெட்டையும் கிட்டே வராது. தாய் குஞ்சுகளைத் தள்ளிவிடும் நாளில் மட்டும் மேலே சொன்ன கவனம் திரும்ப வேண்டும்.

கத்திரி வெயிலில் சேர்க்கலாமா?
– வாசகர், போரூர்

வேண்டாம். வெயிலில் வாயைப் பிளந்து இளைக்கும் குஞ்சைத் தண்ணீர்த் தட்டிலிருந்து விரட்டினால் ஒரே பகலில் போய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழையும் வேண்டாம்; நனைந்த தரையில் ரத்தக்கழிச்சல் வரும், பெரியவை தாங்கும், குஞ்சு தாங்காது. தை, மாசி நல்லது.

மூன்று வாரமாகியும் ஒரே ஒரு பெட்டை மட்டும் விடைகளைத் துரத்தித் துரத்திக் கொத்துகிறது.
– வாசகி, பெருங்களத்தூர்

தலையில் ஒரு கொத்து, ஒரு விரட்டல், அதோடு விலகிப் போவது சகஜம். கீழே அமுக்கிக் கொண்டையைப் பிடித்து இழுப்பது சகஜமல்ல. அடிபடுவதைப் பிரிக்காதீர்கள், அடிக்கும் பெட்டையைப் பிரியுங்கள். மற்றவை கண்ணில் படாத இடத்தில் நான்கு நாள், தீனி தண்ணீரோடு. அது இல்லாத நாளில் வரிசை மாறிவிடும், திரும்பும்போது அதுவே புதுசு. ஐந்தாம் நாள் மாலையில் விடுங்கள். மறுபடியும் ஆரம்பித்தால் இன்னொரு முறை ஒரு வாரம். பிரிக்கும்போது அதன் இறகடியையும் பாருங்கள். பேனோ செல் என்கிற சிறுபூச்சியோ அரித்தாலும் கோழி எரிச்சலில் கொத்தும்.