மலைக்காற்று: நீலகிரி வாசகர் கேள்வி–பதில்

காந்தலிலிருந்து ஒரு வாசகர்: மூன்று மாதம் முன்பு வாங்கிய சீகை விறகு இன்னும் புகைகிறது. வெந்நீர் அடுப்பின் புகைபோக்கியில் தார்போல ஏதோ வடிகிறது. விறகு சரியில்லையா, அடுப்பு சரியில்லையா?

விறகுதான். வெட்டிய புதிதில் மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அடுப்பில் வைத்ததும் தீ முதலில் அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைக்கவே செலவாகிறது. தீ தணிந்து போவதால், எரிந்திருக்க வேண்டிய வாயுக்கள் எரியாமலே புகையாக வெளியேறுகின்றன. குளிர்ந்த புகைபோக்கியில் அவை பட்டு உறைவதுதான் நீங்கள் பார்க்கும் தார். அது தீப்பிடிக்கக் கூடியது. குளிர்காலம் தொடங்குமுன் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வந்தால்தான் விறகு சுத்தமாக எரியும். நம் மழைக்கு மூன்று மாதம் எந்த மூலைக்கும் போதாது. ஆறு மாதத்திலிருந்து ஓராண்டு வரை ஆகும். மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து, செங்கல் மேல் தரை படாமல் அடுக்குங்கள். மேலே மட்டும் தகரம் போட்டு, பக்கங்களைத் திறந்துவிடுங்கள். தார்ப்பாயால் சுற்றி மூடுவதுதான் பலரும் செய்கிற தவறு: உள்ளே வியர்த்து, மறுபடி விறகிலேயே சொட்டும். காய்ந்ததா என்று அறிய, ஒரு துண்டில் அடையாளம் போட்டு வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். மழையில்லாத நாட்களில் இரண்டு வாரம் தொடர்ந்து எடை குறையாவிட்டால் எரிக்கலாம். இரண்டு துண்டை மோதினால் 'டங்' என்று கேட்கும்; பச்சையாக இருந்தால் 'தொப்'.

பற்றவைக்கும் முறையையும் மாற்றிப் பாருங்கள். பெரிய கட்டைகள் அடியில், சிராய்களும் சுள்ளியும் மேலே. தீ மேலிருந்து கீழே இறங்கும்போது கட்டையிலிருந்து வரும் புகை தீயைத் தாண்டித்தான் போக வேண்டும். போகிற வழியிலேயே எரிந்துவிடும்.

கேத்தியிலிருந்து ஒரு வாசகி: தோட்டத்துச் சருகை விடியற்காலையில் கொளுத்துகிறோம். காற்று இருக்காது, தீ பரவாது என்றுதான். ஆனால் மார்கழி, தையில் எட்டு மணியானாலும் புகை போகவே மாட்டேன் என்கிறதே?

தீ பரவாத அந்த நேரம்தான் புகையும் நகராத நேரம். மேகமில்லாத இரவில் தரை சீக்கிரம் ஆறிவிடும். அதை ஒட்டிய காற்று குளிர்ந்து, கனத்து, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதற்கு மேலே கொஞ்சம் வெதுவெதுப்பான காற்று மூடிபோலப் படுத்திருக்கும். புகை கொஞ்ச உயரம் எழும்பி, பிறகு பாய் விரித்ததுபோலப் பரவுவதைப் பார்த்திருப்பீர்கள். மூடி இருப்பது அங்கேதான். வெயில் ஏறித் தரை சூடானால்தான் அது கலையும். அதுவரை பள்ளி பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைகளுக்கு அந்தப் புகைதான் மூச்சு.

நேரத்தை மாற்றுவதைவிடக் கொளுத்துவதையே விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். நீளம், அகலம், உயரம் மூன்றும் 3 அடிக்குக் குறையாமல் குவியல் போடுங்கள். சிறிதானால் நம் குளிரில் உள்ளே சூடு தங்காது. ஒரு சாண் சருகு, நாலு விரல் கனத்துக்குக் கேரட் தழை, முட்டைக்கோஸ் இலை, காய்கறித் தோல், மேலே சாணிக் கரைசல். இப்படியே அடுக்கிக்கொண்டு போங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம். சருகு சேர்த்துக் கிளறுங்கள். சூடே ஏறாவிட்டால் பச்சைத் தழையோ ஈரமோ போதவில்லை. கற்பூர மர (யூகலிப்டஸ்) இலை மக்கச் சுணங்கும். கால் பங்குக்கு மேல் வேண்டாம். கருகல் நோய் வந்த உருளைக்கிழங்குத் தழையைக் குவியலில் போடாமல் தனியே ஆழமாகப் புதையுங்கள்.

பால் கவர், பி.வி.சி. குழாய்த் துண்டு எதையும் சருகோடு எரிக்காதீர்கள். பி.வி.சி.யில் உள்ள குளோரின் எரியும்போது டையாக்சின் என்ற நஞ்சு உண்டாகிறது.

குன்னூரிலிருந்து ஒரு வாசகி: அடுப்புக்கரியில் புகையே வருவதில்லையே, இரவில் படுக்கையறையில் கங்குச் சட்டி வைத்துக்கொள்ளலாமா?

வேண்டவே வேண்டாம். கங்கிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்காமலே போய்விடலாம். ஜன்னலை விரற்கடை திறந்துவைப்பது காப்பாற்றாது. வெந்நீர்ப் பையும் இரண்டாவது கம்பளியும் போதும். கங்கு இருந்த அறையில் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு என்றால் எல்லாரையும் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108-ஐ அழையுங்கள்.

மேட்டுப்பாளையம் சாலையில் வண்டி ஓட்டும் ஒரு வாசகர்: இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோலும் மிச்சம், புகையும் குறைவு என்கிறார்கள். உண்மையா?

இல்லை. இன்றைய ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டிகளில், கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கும்போது எரிபொருள் அறவே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் ஓட எரிபொருள் வேண்டும். பிரேக்கும் சூடேறிப் பிடிப்பு விடும். ஏறின கியரிலேயே இறங்குங்கள். சீசன் நெரிசலில் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்பதானால் ஹேண்ட்பிரேக் போட்டு இன்ஜினை அணையுங்கள். ஆனால் அணைத்தபடி ஒருபோதும் உருட்டாதீர்கள், பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கும் துணை விசை போய்விடும். புகைச் சான்று பி.எஸ். 4, பி.எஸ். 6 (பாரத் ஸ்டேஜ் என்ற புகை வரம்பு) வண்டிகளுக்கு ஓராண்டு செல்லும். அதற்கு முந்தைய வண்டிகளுக்கு 6 மாதம்தான்.