விடிகாலை 5.30 மணிக்கு மாறும் தேதி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வானாய்வகத்தில் மென்பொருள் எழுதிய ஆண்டுகளைப் பற்றிய உங்கள் குறிப்பை வாசித்தேன். நான் சென்னையில் ஆறு ஆண்டுகளாக வங்கிகளுக்கான மென்பொருளில் பணியாற்றுகிறேன். வானம் பார்ப்பதில் சிறுவயது முதலே ஈடுபாடு உண்டு. இயற்பியல் படிக்காத ஒருவருக்கு அங்கே, விஞ்ஞானிகள் கேட்டதை எழுதிக் கொடுப்பதைத் தவிர, சொந்தமான வேலை என்று ஏதேனும் இருக்கிறதா?

ஒரு வாசகர், சென்னை

அன்புள்ள நண்பருக்கு,

நிச்சயமாக இருக்கிறது. அது என்னவென்பது, சேர்ந்த முதல் குளிர்காலத்தில் நான் செய்த ஒரு பிழையால்தான் எனக்கே புரிந்தது.

இரவில் எடுக்கும் படங்களைத் தேதிவாரியாகக் கோப்புறைகளில் சேர்க்கும் சிறிய நிரல் ஒன்றை எழுதியிருந்தேன். வானியல் பதிவுகள், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய உலகப் பொது நேரத்தில் இருப்பதால், அந்த நேரத்தின் தேதியையே கோப்புறைக்குப் பெயராக வைத்தேன். அந்தத் தேதி நம் நாட்டில் விடிகாலை 5.30 மணிக்கு மாறுகிறது. குளிர்காலத்தில் அதற்குப் பிறகுதான், வானம் வெளுக்கத் தொடங்கும்போது, வெறும் வானத்தைச் சில படங்கள் எடுப்பார்கள். பார்ப்பதற்கு அவற்றில் சாம்பல் நிறத்தைத் தவிர எதுவும் இராது. ஆனால் கேமராவின் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு ஒளியை வாங்குகிறது, அதன் முன்னே ஒளியை வடிகட்டும் கண்ணாடியான வடிகட்டியில் எங்கே தூசி ஒட்டியிருக்கிறது என்பதையெல்லாம் அவைதான் காட்டும். இரவின் படங்களைப் புள்ளிக்குப் புள்ளி அவற்றால் வகுத்த பிறகே நட்சத்திரங்களின் ஒளியைச் சரியாக அளக்க முடியும். என் நிரல் அவற்றை மறுநாளின் கோப்புறையில் போட்டுவந்ததால், ஒவ்வோர் இரவும் அதற்கு முந்தைய விடியலின் படங்களால் வகுக்கப்பட்டது.

மூன்று வாரங்கள் யாரும் கவனிக்கவில்லை. பிறகு ஒரு பகலில் வடிகட்டிகளைக் கழற்றித் துடைத்து மாட்டினார்கள். மறுநாள் ஆய்வு மாணவி ஒருவர் என்னை அழைத்துத் திரையைக் காட்டினார். விண்மீன் கொத்து ஒன்றின் நடுவே உளுந்து வடை போல ஒரு வெளிறிய வளையமும், சற்றுத் தள்ளி ஓர் இருண்ட வளையமும் தெரிந்தன. வெளிறியது, துடைத்தெடுத்த பழைய தூசியின் தடம். இருண்டது, புதிதாக வந்து ஒட்டிய தூசி. எனக்குக் கண்ணீர் வராத குறை.

வானியலாளர்கள் நாட்களை எண்ணும் ஜூலியன் நாள் நண்பகலில் தொடங்குவதன் அருமை அன்றுதான் தெரிந்தது. உலகப் பொது நேரப்படி நண்பகல் என்பது நமக்கு மாலை 5.30, எங்கள் குன்றில் ஓர் இரவு முழுதும், விடியல் படங்களோடு சேர்த்து, ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடும். அந்த எண்ணையே கோப்புறைக்குப் பெயராக்கினேன்.

நீங்கள் கேட்ட சொந்தமான வேலை இதுதான். ஒரு படம் எப்போது, எந்த நிலையில் எடுக்கப்பட்டது என்பதற்கு அங்கே மென்பொருள் எழுதுபவரே பொறுப்பு. வானியல் படங்கள் சேமிக்கப்படும் ஃபிட்ஸ் என்னும் கோப்பு வடிவம் 1981இல் வெளியிடப்பட்டது. படத்தைப் பற்றிய விவரங்களை எழுதும் அதன் தலைப்புப் பகுதியில் ஒரு வரிக்கு 80 எழுத்துகள். அது பழைய கணினிகளின் துளையிட்ட அட்டைகளின் அளவு. அந்த அட்டைகள் மறைந்துவிட்டன, 80 மட்டும் இன்றும் நிற்கிறது, ஏனென்றால் ஒருமுறை முறையாக எழுதப்பட்ட ஃபிட்ஸ் கோப்பு என்றைக்கும் படிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது அதைப் பேணுபவர்களின் உறுதி. கொடைக்கானலில் நூறாண்டுக்கு முன்பு எடுத்த சூரியப் படத்தகடுகள் இன்று கணினிக்கு மாற்றப்பட்டு ஆராயப்படுகின்றன; நாளும் நேரமும் குறிக்காத தகட்டை வைத்துக்கொண்டு ஆராய்ச்சியாளர் என்ன செய்ய முடியும்? உங்கள் பதிவைப் படிக்கப்போகிறவர் இன்னும் பிறக்காமல்கூட இருக்கலாம், அவரால் உங்களைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்க முடியாது.

நேரம் தொலைநோக்கியின் பார்வையையும் ஆள்கிறது. வானம் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 15 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு) நகர்வதால், கடிகாரம் ஒரு விநாடி பிசகினால் தேடிய விண்மீன், ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் கருவியின் குறுகலான பிளவிலிருந்து விலகிவிடும். லடாக்கின் ஹான்லேயில் 4500 மீட்டர் உயரத்தில் நிற்கும் ஹிமாலயன் சந்திரா தொலைநோக்கியை, பெங்களூரை அடுத்த ஹொசக்கோட்டையிலிருந்து செயற்கைக்கோள் இணைப்பின் வழியே இயக்குகிறார்கள். இப்படிப்பட்ட இடத்துக்கு எழுதும்போது, இணைப்பு அறுந்த நிமிடத்தில் ஈரப்பதம் ஏறினால் தொலைநோக்கியின் மேலுள்ள டோம் என்னும் கூரையை யார் மூடுவது என்ற கேள்விக்கு முதலில் விடை எழுத வேண்டும், மற்ற வசதிகளெல்லாம் பிறகுதான்.

பட்டத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். வானத்தில் இடங்களைக் கணக்கிடும் கோள முக்கோணவியலும் நேர முறைகளும் கற்க ஓராண்டு போதும் என்பது என் அனுபவம். சம்பளம் குறையலாம், அதை வீட்டில் பேசிவிடுங்கள். ஹபிள் தொலைநோக்கியின் பழைய பதிவுகளை எவரும் தரவிறக்கலாம். ஒன்றை எடுத்து, படத்தைத் திறக்குமுன் தலைப்புப் பகுதியை வரி வரியாகப் படித்துப் பாருங்கள். புரியாத வரிகளை எனக்கு எழுதுங்கள். அடுத்த கடிதத்தில் அவற்றைப் பற்றிப் பேசுவோம்.

அன்புடன்.